ஊன்றுகோலும் மண்பானையும்

பள்ளி அறிவியல் போட்டிகளுக்கு ரெண்டு மூணு தடவை நடுவராகப் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: எந்த ஊரானாலும் பார்வையற்றோருக்கான ஸ்மார்ட் ஊன்றுகோல் ஒன்று கட்டாயம் இருக்கும். ஆர்டுயினோ போர்டு, எச்.சி.-எஸ்.ஆர்.04 அல்ட்ராசோனிக் சென்சார், ஒரு பஸ்ஸர். கையை நீட்டினால் 'பீப்'. சமீபத்தில் ஒரு மாவட்டப் போட்டியில் நான் பார்த்தது மட்டும் மூன்று.

பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. அதற்கு நாம் மார்க் போடும் விதம்தான் என் புகார்.

அந்த சென்சார் ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை அளக்கிறது. இணையத்தில் கிடைக்கும் நிரலில், மைக்ரோவினாடியை 58ஆல் வகுத்தால் தூரம் சென்டிமீட்டரில் வரும். 58 எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். மூன்று அணிக்கும் தெரியவில்லை. ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர் போகும் என்ற கணக்கு அது. அதுவும் 20 டிகிரி செல்சியஸில். டிகிரிக்கு 0.6 மீட்டர் கூடும். நம்மூர் 38 டிகிரியில் சுமார் 3 சதவீதம் பிசகும். ஊன்றுகோலுக்கு அது பெரிய விஷயமில்லைதான். ஆனால் துணி ஒலியை உறிஞ்சிவிடும், சாய்ந்த பரப்பில் பட்ட எதிரொலி வேறு பக்கம் போய்விடும், நேராகப் பார்க்கும் சென்சாருக்கு மூடாத சாக்கடைக் குழி தெரியவே தெரியாது. பார்வையற்ற ஒருவரிடம் கொடுத்துப் பார்த்தீங்களாப்பா என்றால் மூன்று அணியும் சிரிக்கிறது.

ரெண்டு மேசை தள்ளி எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி. ரெண்டு மண்பானை, ஒரு எவர்சில்வர் குடம், தெர்மாமீட்டர், 30 நாள் அட்டவணை. ஒரு பானைக்கு வெளியே பெயின்ட் அடித்திருந்தாள், நுண்துளைகளை அடைக்க. எட்டாம் வகுப்பில் 'கன்ட்ரோல்' என்ற வார்த்தை தெரியாமலே அதைச் செய்திருக்கிறாள்! மழை பெய்த நாள்களில் சாதாப் பானையும் ஒரு டிகிரிதான் இறங்கியிருந்தது. அந்த வரிகளை அவள் அழிக்கவில்லை. "காத்துலயே ஈரம் இருந்துச்சு சார், அப்புறம் தண்ணி எப்படி ஆவியாகும்?" என்றாள். ஈரத்துணி சுற்றிய இன்னொரு தெர்மாமீட்டரை வைத்தால் அந்த ஈரத்தையும் அளக்கலாமே என்றேன். உடனே அட்டவணையில் புதுசாக ஒரு கட்டம் கோடு போட்டுக்கொண்டாள்.

சக நடுவர் கேட்டார்: "இதுல புதுசா என்ன இருக்கு? எங்க பாட்டிக்கே தெரியுமே." பாட்டிக்குத் தெரியும், சரி. மழை நாளில் எத்தனை டிகிரி என்று பாட்டி எழுதி வைத்தாரா? அன்று மேல்சுற்றுக்குப் போனது ஊன்றுகோல். பானை போகவில்லை.

அந்த நடுவர் மேலும் முழுத் தப்பு இல்லை. எங்களுக்குத் தந்த தாளில் இருந்தவை புதுமை, இயங்கும் மாதிரி, சமூகப் பயன், பேச்சுத்திறன். அளவீட்டுக்கு ஒரு மார்க்கூட இல்லை. அமெரிக்காவில் நடக்கும் ஐசெஃப் போட்டியின் மதிப்பீட்டில் தரவு சேகரிப்பு, பகுப்பாய்வுக்கு 20, ஆய்வு வடிவமைப்புக்கு 15, நேர்காணலுக்கு மட்டும் 25 என்று பிரித்திருக்கிறார்கள். அங்கேயும் பெரிய ஆய்வக வசதி கிடைத்த பிள்ளைகள்தான் முன்னால் நிற்கிறார்கள் என்ற விமர்சனம் உண்டு, அது தனிக் கதை. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு, உள்ளூர்ப் பிரச்சினையைக் குழுவாக ஆராய்ந்து தாய்மொழியிலேயே சொல்ல இடம் தருகிறது. பானைக்கு அங்கே இடம் உண்டு.

தாளில் 'எத்தனை முறை சோதித்தாய்? எப்போது வேலை செய்யவில்லை?' என்று ரெண்டு கேள்வி சேருங்கள் என அமைப்பாளரிடம் கேட்டுப் பார்த்தேன். "படிவம் மேலேருந்து வருது சார்" என்றார். மேலே யார் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.