செமினாருக்கு முந்தைய ஏழு நாட்கள்

"அடுத்த திங்கள் உன் செமினார்" என்று வகுப்பில் சொன்ன நொடியிலேயே சில பிள்ளைகளுக்கு வயிற்றைப் பிசையத் தொடங்கிவிடும். என்னிடம் படித்த ஒரு பெண், பேச்சின் முதல் வாக்கியத்தை நோட்டின் கடைசிப் பக்கத்தில் பதினோரு முறை எழுதி, பத்தை அடித்திருந்தாள். அவள் பேசியது எட்டே நிமிடம், நன்றாகவும் பேசினாள். பட்ட பாடெல்லாம் அதற்கு முந்தைய ஏழு நாட்களில்தான்.

சமூகப் பதற்றத்தை அளக்க வந்த பழைய கருவிகள் இந்த ஏழு நாட்களைத் தனியே கேட்கவில்லை. 1987இல் வெளியான லீபோவிட்ஸ் அளவுகோல் 24 சூழல்களைத் தந்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு பயம், எவ்வளவு ஒதுங்கல் என்று 0 முதல் 3 வரை மதிப்பிடச் சொல்கிறது. உளவியலாளர்கள் டேவிட் கிளார்க்கும் ஏட்ரியன் வெல்ஸும் 1995இல் வேறொன்றைக் கவனித்தார்கள்: பயப்படுகிறவர் சம்பவத்துக்கு முன்பே அதை மனதில் ஓட்டிப் பார்க்கிறார், பழைய தோல்விகளைக் கிளறுகிறார், பாதி தோற்றவராகத்தான் உள்ளே நுழைகிறார். இந்த 'முன்பு' என்பதை அளக்கவே ஹின்ரிக்சனும் கிளார்க்கும் 2003இல் ஒரு வினாநிரலை முன்வைத்தார்கள். ஆசிரியர் கண்ணுக்குப் படாத துன்பத்துக்கு அது ஓர் இடம் கொடுத்தது. அதற்காகவே அதை மதிக்கிறேன்.

ஆனால் அதில் வரும் எண்ணை அப்படியே நம்ப என்னால் முடியவில்லை. என்ன பேசுவது என்று முன்கூட்டித் திட்டமிடுவதும், எப்படித் தப்பிப்பது என்று யோசிப்பதும் இத்தகைய நிரலில் அருகருகே வருகின்றன. இரண்டையும் கூட்டி ஒரே மதிப்பெண்ணாக்கினால், ஒத்திகை பார்க்கிறவளும் ஓடப் பார்க்கிறவளும் ஒன்றாகிவிடுகிறார்கள். அந்த நோட்டைப் பாருங்கள். முதல் மூன்று வரிகளில் வாக்கியம் உண்மையிலேயே மேம்பட்டிருக்கிறது. நான்காவதிலிருந்து ஒரு சொல்கூட மாறவில்லை, பேனா மட்டும் அழுந்தியிருக்கிறது. தயாரிப்பு எங்கே முடிந்து பயம் எங்கே தொடங்கியது என்பதை அந்தப் பக்கம் காட்டுகிறது. 'எத்தனை முறை' என்ற கேள்வி காட்டாது.

படிவத்தை நாம் கொடுக்கும் இடமும் சரியில்லை. வகுப்பிலேயே கொடுக்கிறோம், பக்கத்துப் பெஞ்சுக்காரி எட்டிப் பார்க்கிறாள், வாங்கிக்கொள்வதோ மார்க் போடும் ஆசிரியர். செமினாரை நினைத்தே அன்று விடுதியில் படுத்துவிட்டவன் கணக்கில் வருவதே இல்லை. அவன்தான் முதலில் வர வேண்டியவன். மொழிபெயர்ப்பிலும் சங்கடம் உண்டு. பயம், கூச்சம், படபடப்பு மூன்றும் நமக்கு ஒன்றல்ல. 'கூச்சப்படுவேன்' என்ற வரியை நோயாக எண்ணாமல், அடக்கமாக எண்ணி ஆமென்று குறித்த பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது நேரம். பயம் இல்லாத ஒரு செவ்வாய் மதியம் உட்கார்ந்து, பயத்தை நினைவிலிருந்து எழுதச் சொல்கிறோம். உளவியலாளர் மிஹாய் சிக்சென்மிஹாயின் குழு 1970களிலேயே பேஜர் கொடுத்து, அது ஒலிக்கும் நேரத்தில் மனம் எப்படி இருக்கிறது என்று குறிக்கச் சொன்னது. இன்று எல்லார் கையிலும் செல்போன். அந்த ஏழு நாட்களிலும் மாலையில் ஒருமுறை, இரண்டே கேள்வி கேட்கலாம்: இன்று அதை நினைத்தாயா? நினைத்தபோது என்ன செய்தாய்? கேட்பதே பயத்தைக் கிளறாதா என்றால், சிலருக்குக் கிளறும். அதனால் வேண்டாம் என்கிறவர்களை விட்டுவிட வேண்டும், படுக்கப்போகும் நேரத்தில் யாரையும் கேட்கக் கூடாது. அந்தப் பெண் நான்காவது வரியை எழுதியது எந்த நாளில் என்பதாவது அப்போது நமக்குத் தெரிந்திருக்கும்.