செலவைக் குறைக்க ஓர் ஆணையம்: தருமபுரியிலிருந்து சில குறிப்புகள்

பென்னாகரம் பக்கம் ஓர் ஊர். பெயர் வேண்டாம். அங்கே நூறடி இடைவெளியில் இரண்டு மேல்நிலைத் தொட்டிகள் நிற்கின்றன. பழைய தொட்டியில் தினமும் தண்ணீர் ஏறுகிறது. புதிய தொட்டி கட்டி முடித்துப் பெயின்ட்கூட இன்னும் மங்கவில்லை, ஆனால் அதற்குக் குழாய் இணைப்பு வரவில்லை. அதன் நிழலில் ஆடு கட்டுகிறார்கள்.

எதிர் டீக்கடையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் சொன்னார்: "ஒரு ஆணையம் போடணும் தம்பி. எந்தக் கட்சியும் கை வைக்க முடியாத ஆணையம். வெட்ட வேண்டியத வெட்டிட்டுப் போயிட்டே இருக்கணும்."

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பத்து வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் பேசிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு, இப்படிப் போட்ட ஆணையங்கள் என்ன ஆயின என்று தேடிப் படித்தேன். படித்தபிறகு அந்த நம்பிக்கை பாதியாகிவிட்டது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் குறிப்பு.

யோசனை புதிதல்ல. முதல் உலகப்போர் முடிந்து கஜானா காய்ந்திருந்த நேரத்தில், 1921-இல் பிரிட்டன் கெடஸ் என்பவர் தலைமையில் ஒரு செலவுக் குழு போட்டது. அதில் உறுப்பினராக இருந்த இன்ச்கேப் பிரபுவை அடுத்த வருஷமே இந்தியாவுக்கு அனுப்பி, இங்கேயும் ஒரு சிக்கனக் குழுவுக்குத் தலைவராக்கினார்கள். நூறு வருஷமாக இதே மருந்தைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறோம்.

சுதந்திர இந்தியாவில் இரண்டு முயற்சிகள் முக்கியமானவை. 2000-இல் கே.பி.கீதாகிருஷ்ணன் தலைமையில் செலவினச் சீர்திருத்த ஆணையம் வந்தது. உணவு மானியம், உர மானியம், அமைச்சகங்களின் ஆள்பலம் எனப் பல விஷயங்களைப் பற்றிப் பத்து அறிக்கைகள் கொடுத்தது. மானியம் பற்றிச் சொன்னவை கடினமானவை, அரசியல் விலை கொண்டவை. அதே காலத்தில் மத்திய அரசு சுலபமாகச் செய்துகாட்டியது ஆள்குறைப்பை. வருஷத்துக்குச் சுமார் 3 சதவீதம் பேர் ஓய்வு பெறுவார்கள், 1 சதவீதம் பேரை மட்டும் எடுத்தால் ஐந்து வருஷத்தில் 10 சதவீதம் குறைந்துவிடும் என்று 2001-இல் கணக்குப் போட்டு ஆணை போட்டார்கள். ஐந்து வருஷம் என்று சொன்னது 2008-09 வரை நீண்டது.

அடுத்தது 2014. பட்ஜெட் உரையில் அறிவித்து, ரிசர்வ் வங்கியின் முன்னாள் ஆளுநர் பிமல் ஜலான் தலைமையில் செலவின மேலாண்மை ஆணையம் அமைத்தார்கள். அவர்கள் கொடுத்த அறிக்கை மக்கள் பார்வைக்கு வைக்கப்படவில்லை. வீண் செலவைக் கண்டுபிடிக்க மக்கள் பணத்தில் ஆணையம் போட்டு, அது கண்டுபிடித்ததை மக்களுக்கே காட்டாமல் விட்டால் அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

தமிழ்நாட்டுக்கு வருவோம். 2001 நவம்பரில் ஆசிரியர், மருத்துவர், காவலர் தவிர மற்ற பணியிடங்களுக்கு ஆள் எடுக்கத் தடை வந்தது. 2006-இல்தான் நீங்கியது. 2018-இல் அரசாணை 56 மூலம், தேவையில்லாத பணியிடங்களைக் கண்டறியவும் எந்த வேலைகளை வெளியாட்களிடம் விடலாம் என்று பார்க்கவும் ஆதிசேஷையா குழுவை அமைத்தார்கள். 2019 ஜனவரியில் நடந்த ஜாக்டோ-ஜியோ வேலைநிறுத்தத்தில் அதை ரத்து செய்யச் சொன்னதும் ஒரு கோரிக்கை. ஆட்சி மாறியது. 2022 அக்டோபரில் அரசாணை 115 வந்தது. மனிதவளச் சீர்திருத்தம் என்ற பெயரில் இன்னொரு குழு. எதிர்ப்பு கிளம்பியதும் அடுத்த மாதமே அதன் ஆய்வு வரம்புகளை ரத்து செய்வதாக முதலமைச்சர் அறிவித்தார்.

கட்சி வேறு, ஆண்டு வேறு, பெயர் வேறு. ஆனால் எல்லாம் போய் நிற்கிற இடம் ஒன்றுதான்: பணியிடம்.

ஏன் இப்படி ஆகிறது? தலைமையிடத்தில் உட்கார்ந்து எண்ணக்கூடியது அதுதான். மாநில அரசின் வருவாயில் பெரும்பகுதி சம்பளம், ஓய்வூதியம், வட்டி என்று போகிறது. வட்டியைத் தொட முடியாது. ஓய்வூதியத்தையும், ஏற்கெனவே வேலையில் இருப்பவர் சம்பளத்தையும் தொட்டால் தெருவுக்கு வருவார்கள். மிச்சம் என்ன? காலியிடம், பராமரிப்பு, பழுதுபார்ப்பு. காலியிடம் போராடாது. துருப்பிடித்த வால்வு கோட்டைக்கு ஊர்வலம் போகாது.

அந்த இரண்டு தொட்டிகளுக்குத் திரும்பிப் போங்கள். புதிய தொட்டி வீணானது ஆள் அதிகமாக இருந்ததாலா? குழாய் வந்ததா என்று நேரில் வந்து பார்த்து, அளவுப் புத்தகத்தில் எழுதி, வரவில்லையென்றால் பில்லை நிறுத்தி வைக்க ஒரு பொறியாளர் வேண்டும். அவரே நாலு ஆள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் மேசையிலிருந்தே கையெழுத்துப் போடுவார். ஆளைக் குறைத்துச் சேமிக்கிற பணம் இந்த மாதிரித் தொட்டிகளில் போய் இறங்குகிறது. ஆணையத்தின் அறிக்கையில் முதலாவது சேமிப்பாக வரும், இரண்டாவது எங்கேயும் வராது.

தருமபுரிக்காரர்களுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. செலவழிக்காமல் இருப்பதற்கு விலை இல்லையா?

இங்கே பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. இது காய்ச்சினால் போகிற விஷயமில்லை. தண்ணீர் சுண்டச் சுண்டச் செறிவு கூடத்தான் செய்யும். குழந்தைக்குப் பல் கறைபடும். வருஷக்கணக்கில் குடித்தவருக்கு முதுகும் மூட்டும் இறுகிப்போகும். அதற்காக வந்ததுதான் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கான ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். பல பத்தாண்டுப் பேச்சுக்குப் பிறகு 2008 பிப்ரவரியில் அடிக்கல். அதே ஏப்ரலில், கர்நாடகத்தில் எதிர்ப்பு கிளம்பியபோது, அங்கே தேர்தல் முடிகிறவரை தள்ளிவைப்பதாக அறிவிப்பு. பிறகு ஜப்பான் கடனுதவியோடு வேலை நடந்து 2013-இல் திறந்தார்கள். முதலில் 1,334 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது 1,928.80 கோடிக்குப் போனது.

கிட்டத்தட்ட 595 கோடி கூடுதல். இதில் விலைவாசி எவ்வளவு, வேலை கூடியது எவ்வளவு, தாமதத்தின் விலை எவ்வளவு என்று பிரித்து, சாதாரணத் தமிழில் இரண்டு பக்கம் எழுதித் தருகிற ஆணையம் இருந்தால் நானே கையெழுத்து வேட்டைக்கு இறங்குவேன். ஆனால் வெட்டுவதற்கென்றே அமைக்கிற ஆணையம் அந்தக் கேள்வியைக் கேட்காது. தொண்ணூறுகளில் அப்படி ஒன்று இருந்திருந்தால், மேட்டுப்பூமியில் சிதறிக் கிடக்கிற குடியிருப்புகளுக்குக் காவிரியை மேலேற்றுவது ஆளுக்கு இவ்வளவு செலவு என்று கணக்குப் போட்டு, திட்டத்தையே 'வீண்' பட்டியலில் சேர்த்திருக்கும். ஏனென்றால் இறுகிப்போன மூட்டுகளுக்கு அரசுக் கணக்கில் தலைப்பு கிடையாது.

எது வீண் என்பதிலும் சிக்கல் இருக்கிறது. மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்ப முகாம் 2023 ஜூலையில் இதே மாவட்டத்தில், தொப்பூரில்தான் தொடங்கியது. வாத்தியாரைப் பொறுத்தவரை மாதம் ஆயிரம் ரூபாய் வீண். எங்களுக்கு டீ கொடுத்த அக்காவுக்கு அது கேஸ் சிலிண்டர். இதில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல, யாரும் ஓட்டுப் போடாத ஐந்து பேருக்கு என்ன தகுதி? அது தேர்தலில் சண்டை போட்டுத் தீர்க்க வேண்டிய விஷயம். குழாய் இல்லாத தொட்டி அப்படியல்ல. அது வீண் என்பதில் அக்காவுக்கும் வாத்தியாருக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

"அப்போ அரசியல்வாதி கையிலேயே விட்டுடலாமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2021 ஆகஸ்டில் வந்த வெள்ளை அறிக்கை ஒரு குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் கடன் என்று சொன்னது. கவலைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் சுதந்திரமான அமைப்பு நம்மிடம் இல்லாமல் இல்லை. அரசியல் சட்டத்தின் 148-வது பிரிவிலேயே தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் இருக்கிறார். அவரை அமைச்சர் நினைத்தால் நீக்கிவிட முடியாது. அவருடைய அறிக்கை சட்டமன்றத்துக்கு வருகிறது, பொதுக் கணக்குக் குழு அதைப் பரிசீலிக்கிறது. பயன்படாத கட்டடம், இணைப்பில்லாத குழாய் பற்றியெல்லாம் வருஷா வருஷம் எழுதுகிறார்கள். அறிக்கை வந்த அன்று தலைப்புச் செய்தி, மறுநாள் மறந்துபோகிறோம். கண்டுபிடிக்க ஆள் இருக்கிறார்கள். கண்டுபிடித்ததற்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம்தான் பலவீனமாக இருக்கிறது. இன்னொரு ஆணையம் வந்தால் அலமாரியில் இன்னொரு அறிக்கை சேரும், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் 2025-இல் இதற்கு நேரெதிராகச் செய்தார்கள். அறிக்கையே வேண்டாம், நேரடியாக வெட்டு என்று எலான் மஸ்க்கிடம் கொடுத்தார்கள். இரண்டு டிரில்லியன் டாலர் என்று பேசியவர் மே மாதக் கடைசியில் கிளம்பிவிட்டார். பல்லாயிரம் பேர் வேலையை விட்டுப் போனார்கள். அந்த நிதியாண்டின் மொத்தச் செலவு முந்தைய ஆண்டைவிட அதிகம்.

ஆக, எனக்கு ஆணையமே வேண்டாம் என்பதில்லை. மூன்று நிபந்தனைகள் வைப்பேன். ஒன்று, அறிக்கை அரசு கைக்குப் போகிற அன்றே தமிழில் வெளிவர வேண்டும். இரண்டு, ஒவ்வொரு பரிந்துரைக்கும் ஏற்கிறோம், ஏற்கவில்லை, ஏன் என்று ஆறு மாதத்துக்குள் துறைச் செயலர் எழுத்தில் பதில் தர வேண்டும். மூன்று, வெட்டச் சொல்வதைப் போலவே, 'இங்கே ஆள் போடு, பராமரிப்புக்குப் பணம் கொடு' என்று சொல்லவும் அதற்கு அதிகாரம் வேண்டும்.

கூடவே, கணக்கு கிராம சபைக்கு வர வேண்டும். 2005-ஆம் ஆண்டின் நூறு நாள் வேலைச் சட்டம் 17-வது பிரிவில் கிராம சபையின் சமூகத் தணிக்கையை எழுதி வைத்தது. அது எல்லா ஊரிலும் ஒழுங்காக நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் யோசனை சரியானது. வருஷத்துக்கு ஆறு கிராம சபை கூடுகிறது. அதில் ஒன்றிலாவது ஊரில் கட்டிய ஒவ்வொன்றையும் வரிசையாக வாசித்து, ஓடுகிறதா இல்லையா என்று கேட்டுத் தீர்மானத்தில் எழுதலாமே.

வாத்தியாரிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர், "அந்தத் தொட்டிய எப்போ கட்டினாங்க, எவ்வளவுக்குக் கட்டினாங்கன்னு யாருக்காவது தெரியுமா தம்பி?" என்றார். எழுந்துபோய்ப் பார்த்தோம். திட்டத்தின் பெயர், மதிப்பீடு, ஆண்டு எல்லாம் எழுதியிருக்க வேண்டிய இடத்தில் யாரோ காதணி விழா போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். வாத்தியார் நகத்தால் சுரண்டத் தொடங்கினார்.