மார்பில் பட்ட புறப்புண்: அயர்ன் மேன் கதையில் காயம் பெற்ற பொருள்மாற்றம்

படக்கதைகளைச் சிறுவர் வாசிப்புக்கு மட்டும் உரியவை என ஒதுக்கும் போக்கு தமிழ்த் திறனாய்வில் இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. தமிழ் வாசகருள் ஒரு தலைமுறையினர், முத்து காமிக்ஸ் 1972இல் அறிமுகப்படுத்திய இரும்புக்கை மாயாவியை நினைவில் வைத்திருப்பர். அவன் 'வேலியன்ட்' என்னும் பிரித்தானிய இதழில் 1962இல் பிறந்தவன். மின்சாரம் பாய்ந்தால் மறைந்துவிடும் இயல்பினன். இங்கு ஆராயப்படும் அமெரிக்க அயர்ன் மேன் அவனின் வேறானவன். பெயரொப்புமை கருதி இருவரையும் ஒன்றாக எண்ணுவோர் இன்றும் உளராதலின் இதனை முதற்கண் சுட்ட வேண்டியுள்ளது.

அயர்ன் மேன் கதை குறித்துப் பரவலான கருத்தொன்று நிலவுகிறது. ஆயுதம் விற்றுச் செல்வம் குவித்த ஒருவன் தன் ஆயுதத்தாலேயே தாக்குண்டு, மனம் மாறி, கவசம் பூண்டு உலகைக் காக்க முற்படுகிறான் என்பது அது. 2008ஆம் ஆண்டுத் திரைப்படத்தை மட்டும் கண்டவர்க்கு இக்கருத்து முற்றிலும் பொருந்தும். மூலக்கதையை எடுத்து வாசிப்பார்க்கோ அதில் இம்மனமாற்றம் எங்கும் தென்படாது. இக்கழுவாய் எப்போது, எவ்வாறு கதைக்குள் வந்து சேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் வினா.

'டேல்ஸ் ஆஃப் சஸ்பென்ஸ்' இதழின் 39ஆம் எண் 1963 மார்ச் எனத் தேதியிட்டு வெளிவந்தது. கதைக்கருவைப் பதிப்பாசிரியர் ஸ்டான் லீ தர, அவர்தம் இளவல் லாரி லீபர் எழுத, டான் ஹெக் படம் வரைந்தார். அட்டைப்படத்தை வரைந்தவர் ஜாக் கிர்பி. ஆயுத உற்பத்தியாளனாகிய டோனி ஸ்டார்க், தான் உருவாக்கிய கருவிகள் தென் வியட்நாம் காடுகளில் எவ்வாறு பயன்படுகின்றன என அறியச் செல்கிறான். வழியில் மறைவாகக் கட்டப்பட்டிருந்த கயிற்றில் கால் இடறிவிட, வெடியொன்று வெடிக்கிறது. உலோகச் சில்லுகள் இதயத்தை நோக்கி நகர்கின்றன. வோங் சூ என்னும் கெரில்லாத் தலைவன் அவனைச் சிறைப்படுத்தி ஆயுதம் செய்து தருமாறு பணிக்கிறான். உடன் சிறைப்பட்டிருந்த முதிய அறிவியலாளர் யின்சென்னின் துணையோடு ஸ்டார்க் தன் இதயத்தை இயக்கும் மார்புக்கவசத்தையும், அதனோடு இயைந்த முழு இரும்புடலையும் அமைக்கிறான். அது மின்னாற்றல் பெறும்வரை பகைவரைத் தடுக்க யின்சென் வெளியே ஓடி உயிர் துறக்கிறார். (அக்காலக் கதைகளில் கவசத்தின் அத்தனை வல்லமைக்கும் டிரான்சிஸ்டர் என்னும் ஒரு சொல்லே விளக்கம். நம் நாட்டில் அச்சொல் வானொலிப் பெட்டியைக் குறித்து வழங்கியதை எண்ணுவார்க்கு இன்று புன்னகை தோன்றும்.)

இங்கு நாம் கேட்க வேண்டியது, வெடி எவருடையது என்பதாகும். மூலக்கதையில் அது பகைவருடையது. ஆகவே ஸ்டார்க் நாணுவதற்கு ஏதுமில்லை. அவன் வோங் சூவை வென்று நாடு திரும்பித் தன் தொழிலை முன்போலவே தொடர்கிறான். பின்வந்த இதழ்களில் கிரிம்சன் டைனமோ முதலிய சோவியத் எதிரிகளோடு பொருதுகிறான். கெடுபிடிப்போர் உச்சத்திலிருந்த காலத்தில், இளைஞர் வெறுக்கக்கூடிய ஆயுத வணிகன் ஒருவனை அவர்களே விரும்பும் தலைவனாக்கிக் காட்டுவது தமக்குத் தாமே விடுத்துக்கொண்ட அறைகூவல் என்று லீ பின்னாளில் நேர்காணல்களில் கூறியுள்ளார். அக்கூற்றை ஏற்றாலும், அவர் வாசகரின் வெறுப்பை அறிந்திருந்தார் என்பதே பெறப்படுகிறது. அவ்வெறுப்பின் காரணத்தைக் கதைக்குள் வைத்து ஆராய்ந்தார் எனக் கொள்ளச் சான்றில்லை.

சங்கப் புறப்பாடல்கள் காயத்தை அது பட்ட இடத்தால் மதிப்பிடுவன. மார்பில் ஏற்பது விழுப்புண். முதுகில் படுவது புறப்புண். வெண்ணிப் போரில் கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன், முதுகிலும் புண்பட்டமைக்கு நாணி வடக்கிருந்தான். எதிர்நின்று பொருது பெற்ற புண்ணாயினும் நாணம் வந்து சேரக்கூடும் என்பதை அவ்வரலாறு உணர்த்துகிறது. இவ்வளவுகோலை அமெரிக்கப் படக்கதைமீது ஏற்றுவது வலிந்த ஒப்பீடாகச் சிலர்க்குத் தோன்றலாம். எனினும், காயத்தின் பொருளை உடலுறுப்பைவிட நாணமே முடிவுசெய்கிறது என்னும் நுட்பம் இக்கதையின் வளர்ச்சியை விளக்கப் பெரிதும் உதவுகிறது. 1963இல் ஸ்டார்க்கின் மார்பில் பட்டது வெறும் விபத்து. அது நாணத்திற்குரிய புண்ணாக மாற நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆயின.

அம்மாற்றத்தின் முதல் தெளிவான தடத்தை 1975இல் காண்கிறோம். அவ்வாண்டு ஏப்ரலில் சைகோன் வீழ்ந்தது. செப்டம்பர் எனத் தேதியிட்ட 'அயர்ன் மேன்' 78ஆம் இதழில் பில் மான்ட்லோ எழுதிய கதையில் ஸ்டார்க் தன் வியட்நாம் நாள்களை நினைவுகூர்கிறான். தன் ஆயுதம் இயங்கிய களத்தில் இறந்துகிடந்தோரைப் புதைத்து, அவ்விடத்தில் 'ஏன்' என்னும் ஒற்றைச் சொல்லைப் பொறித்ததை எண்ணுகிறான். இக்கதைத் தொடரில் யான் மிக உயர்வாக மதிப்பது இவ்விதழையே. இங்குதான் வினா ஆயுதத்தைச் செய்தவனை நோக்கித் திரும்புகிறது.

1979இல் டேவிட் மிச்செலினி, பாப் லேட்டன் ஆகியோர் அமைத்த தொடரில் கவசம் பிறர் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டு ஒரு தூதரைக் கொன்றுவிடுகிறது. ஸ்டார்க் குடிக்கு அடிமையாகிறான். அதே இருவர் 1987-88இல் அமைத்த தொடரில் அவனது நுட்பம் களவாடப்பட்டுப் பலர் கைக்குச் செல்கிறது. இவ்விரண்டிலும் அவன் வருந்துகிறான். ஆனால் வருத்தம் ஆயுதம் தவறான கைக்குச் சென்றது பற்றியதே. சரியான கை என ஒன்று உண்டு என்னும் நம்பிக்கை அசைவதில்லை.

வாரன் எல்லிஸ் எழுதி அடி கிரானோவ் வரைந்த 'எக்ஸ்ட்ரீமிஸ்' தொடர் 2005இல் தொடங்கியது. அது கதையின் களத்தை வியட்நாமிலிருந்து ஆப்கானித்தானத்திற்கு மாற்றியது. ஜான் ஃபேவ்ரோ இயக்கிய 2008 திரைப்படமும் அதனையே பின்பற்றியது. ஒரு நாட்டின் இடத்தில் இன்னொரு நாட்டை வைத்தும் கதை குலையாமல் நிற்பது, அந்நிலமும் அதன் மாந்தரும் கதைக்கு எத்துணைக் குறைவாகத் தேவைப்பட்டனர் என்பதைப் புலப்படுத்தும்.

திரைப்படம் செய்த பெரும் மாற்றம் வேறு. ஸ்டார்க்கின் அருகே வந்து விழும் ஏவுகணையில் அவனது நிறுவனத்தின் பெயரே எழுதப்பட்டிருக்கிறது. அவன் அதை வாசித்த மறுகணம் அது வெடிக்கிறது. மார்பில் பட்ட புறப்புண் என இதனைக் கூறுதல் தகும். நாடு திரும்பியதும் ஆயுதப் பிரிவை மூடுவதாக அவன் அறிவிப்பது அந்நாணத்தின் நேர்விளைவு. இதுவரை திரைப்படம் மூலக்கதையைக் காட்டிலும் நேர்மையானது என்பதில் ஐயமில்லை.

ஆனால் நாணத்தை நெடுநேரம் தாங்க அத்திரைப்படத்தால் இயலவில்லை. ஆயுதங்களைப் பகைவர்க்கு மறைவாக விற்றவன் நிறுவனத்தின் மூத்த பொறுப்பாளன் ஒபடயா ஸ்டேன் என்பது வெளிப்பட்டவுடன், பழி முழுவதும் அவன்மேல் இறங்குகிறது. முறையாக விற்ற ஆயுதங்கள் எங்கு, எவர்மேல் விழுந்தன என்னும் கேள்வி எழுவதற்கே இடமில்லாது போகிறது. யின்சென்னின் ஊராகிய குல்மிராவில் ஸ்டார்க் வானிலிருந்து இறங்கிக் கொடியவரை வீழ்த்தி, அவர்தம் தலைவனை ஊராரிடம் விட்டுச் செல்லும் காட்சியை 1963ஆம் ஆண்டுக் கதையில் அவன் ஊரார் முன்னிலையில் வோங் சூவை மற்போரில் தூக்கியெறியும் காட்சியோடு வைத்து நோக்கலாம். களமும் காலமும் மாறிய பின்னும் ஊரார் பார்வையாளராகவே நிற்கின்றனர்.

2013இல் வந்த மூன்றாம் படத்தின் இறுதியில் அறுவை மருத்துவத்தால் சில்லுகள் அகற்றப்படுகின்றன. மார்பிலிருந்த ஆற்றற்கருவியை ஸ்டார்க் கடலில் எறிகிறான். அப்படத்தின் தொடக்கம் 1999ஆம் ஆண்டின் இறுதி இரவில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் நிகழ்கிறது. அங்கு ஒருவர் தம் பெயரைச் சொல்லி ஸ்டார்க்கிடம் தம்மை அறிமுகம் செய்துகொள்கிறார். அப்பெயரை வைத்து வேடிக்கையாக ஏதோ கூறிவிட்டு அவன் கடந்து செல்கிறான். அவர் யின்சென்.