நிறுவனமும் உள்மனமும்

சுதீர் கக்கர் (1938–2024) பொறியியலும் பொருளியலும் கற்றவர். அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் போதித்தவர். பிராங்க்பர்ட்டில் உளப்பகுப்பாய்வுப் பயிற்சியும் பெற்றவர். ஃபிரெடெரிக் டெய்லரைப் பற்றிய அவரது நூல் 1970இல் வெளிவந்தது. மிட்வேல் எஃகு ஆலையில் தொழிலாளரின் அசைவுகளைக் கடிகாரங்கொண்டு அளந்த டெய்லரின் முறைமைக்குப் பின்னே, அதிகாரத்தைக் குறித்து அவர் உள்ளத்தில் நிகழ்ந்த போராட்டத்தை ஆசிரியர் எடுத்துக்காட்டுகிறார். இதுவே நூலின் சிறப்பு.

ஆயினும் ஒரு குறையைச் சுட்டாதிருக்கலாகாது. தலைச்சோலையில் காப்பிப்பழம் பறிப்பவளுக்கு முதலாளியின் உள்மனத்தைவிடத் தன் கூலியே முதற்கேள்வி. உளப்பகுப்பாய்வு ஆள்பவனை விளக்கும். கூலிக் கணக்கை விளக்காது.

போதகராகிய நமக்கோ இந்நூல் வேண்டுவதே. சபைக் கமிட்டியில் மாற்றுக்கருத்து எழும்போது நாம் சினங்கொள்வது சத்தியத்தினிமித்தமா, தகப்பன் ஸ்தானத்தை இழப்போமென்ற அச்சத்தினாலா? கோவில்பிள்ளையின் சம்பளத்தை முதலில் விசாரித்து, பின்பு நம் உள்ளத்தையும் விசாரிப்போமாக.