ஆணி அறைவோரும் பார்த்து நிற்போரும்

ஆங்கில நாடகத்தைக் கற்போரிடையே நெடுங்காலம் ஒரு வழக்கம் இருந்து வந்தது. நாடகத்தைக் கவிதைபோல் ஏட்டில் படித்து, சொல்லழகையும் கருத்தையும் ஆராய்ந்து, அத்துடன் அமைந்துவிடுவர். நடிப்பு என்பது பின்னர் வந்து சேரும் அலங்காரமாகவே எண்ணப்பட்டது. இவ்வழக்கம் எத்துணைக் குறையுடையது என்பதை உணர்த்த, திருமறைப் பொருளையே கருவாகக் கொண்ட யார்க் நகரத்து நாடகத் தொடர் தக்க சான்றாகும் என்பது நம் கருத்து.

படைப்பு முதல் இறுதி நியாயத்தீர்ப்பு வரையுள்ள மீட்பின் வரலாற்றை, வட இங்கிலாந்தின் யார்க் நகரத் தொழிற்சங்கத்தார் கிறிஸ்துவின் திருவுடல் திருவிழாவன்று தம்முள் பங்கிட்டு நடித்துவந்தனர். இவ்விழாவுக்குரிய நாடக வண்டிகளைப் பற்றிய குறிப்பு 1376ஆம் ஆண்டிலேயே கிடைக்கிறது. ஒவ்வொரு சங்கமும் தன் வண்டியை வீதிவழியே இழுத்துச் சென்று, குறித்த இடந்தோறும் நிறுத்தித் தன் பகுதியை நடித்தது. நோவாவின் பேழையைக் கட்டுதல் கப்பல் கட்டுவோருக்கும், கடைசி இராப்போஜனம் அப்பம் சுடுவோருக்கும், சிலுவையில் அறைதல் குண்டூசியும் ஆணியும் செய்வோருக்கும் உரியனவாயின.

இவற்றுள் சிலுவைக் காட்சி ஏட்டில் படிப்போருக்கு ஏமாற்றமே தரும். முந்நூறு அடிகளுள் மிகப் பெரும்பகுதி நான்கு போர்வீரரின் பேச்சாகும். துளையிட்ட இடம் தவறிவிட்டது. கயிறு கட்டிக் கையை இழுக்க வேண்டும். சிலுவை கனக்கிறது, தோள் நோகிறது. குழி அகலமாகிவிட்டது, ஆப்பு அடிக்க வேண்டும் என்பனவே அவர்தம் கவலைகள். கிறிஸ்து இருமுறையே வாய் திறக்கிறார். இதில் பக்தி எங்கே என்று மாணாக்கர் வினவக் கேட்டிருக்கிறோம்.

இதே காட்சியை வண்டியின்மீது வைத்துப் பார்ப்போமாயின் அதன் பொருள் விளங்கும். சிலுவை வண்டித் தளத்தில் கிடத்தப்பட்டிருக்கையில், வீதியில் நிற்போருக்குக் கிறிஸ்து எளிதில் தென்படார். குனிந்து வேலை செய்யும் முதுகுகளே தென்படும். காண்போருள் பலர் தாமும் கைத்தொழில் செய்வோர். வேலை எப்படி முடியுமோ என்ற ஆவலில் அவர்கள் வீரரோடு மனத்தால் சேர்ந்துகொள்கின்றனர், சிரிக்கவும் கூடும். சிலுவை நிமிர்ந்தவுடன், முடிந்த வேலை இன்னதென்று கண்முன் நிற்கிறது. அப்பொழுது கிறிஸ்து முதலில் வீரரிடம் பேசுவதில்லை. புலம்பல் 1:12ஐ நினைவூட்டும் சொற்களால் வீதியில் செல்வோரை அழைத்துத் தம் காயங்களைக் காணச் சொல்கிறார். பின்னரே பிதாவிடம் மன்னிப்பு வேண்டுகிறார். லூக்கா 23:34 கூறும் அறியாமை யாருடையது என்று காண்போர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டியவராகின்றனர்.

ஏட்டறிவு வீண் என்று நாம் கூறவில்லை. 1885இல் லூசி டூல்மின் ஸ்மித் அம்மையார் கையெழுத்துப் படியை அச்சேற்றியதே பின்வந்த ஆய்வுக்கெல்லாம் அடித்தளம். நடிப்பிலும் இடம் பொருளை மாற்றும். 1951இல் மார்ட்டின் பிரவுன் யார்க் நகரின் பாழடைந்த புனித மரியாள் மடத்தில் இந்நாடகங்களை மீண்டும் நடிப்பித்தது போற்றத்தக்கதே. ஆயின் நிலையான மேடை பார்வையாளரைத் தூரத்தில் அமர்த்திவிட்டது. 1977இல் டொராண்டோவில் வண்டிகள்மேல் நடித்தது போன்ற முயற்சிகளே வீதியின் நெருக்கத்தை மீட்டுத் தந்தன.

1569க்குப்பின் இந்நாடகங்கள் நின்றுபோயின. அவற்றை ஒடுக்கியதில் சீர்திருத்தத் திருச்சபைத் தலைவர்களுக்குப் பங்குண்டு. அவர்தம் அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. மரியாளின் விண்ணேற்பு போன்ற, திருமறையில் இல்லாத காட்சிகளும் தொடரில் இருந்தன. யூதத் தலைவர்களைக் காட்டும் பகுதிகளில் அக்காலப் பகைமை படிந்திருப்பதையும் நாம் ஏற்பதற்கில்லை. ஆயினும் சிலுவைக் காட்சி, பழியைப் பிறர்மேல் சுமத்திவிட்டுப் பார்த்து நிற்போரைத் தப்பவிடுவதில்லை. பெரிய வெள்ளியன்று வீரரின் கொடுமையை விரித்துரைத்து, கேட்போரை வெறும் பார்வையாளராகவே வீட்டுக்கு அனுப்பும் நம் பிரசங்கங்கள் இதனிடம் கற்க வேண்டியது உண்டு.

எனவே நம் மாணாக்கர் இந்நாடகத்தைக் கருத்தூன்றிப் படிக்கட்டும். படித்தபின் நால்வர் எழுந்து ஒரு கனத்த மரத்தைத் தூக்கி நிறுத்திப் பார்க்கட்டும். மற்றவர் அருகே நின்று காணட்டும். அதன்பின் விளக்கவுரையைத் தொடங்கலாம்.