காக்கையும் ஐந்து துளைகளும்

அமெரிக்கச் சிற்றூர்ச் சுடுதளங்களில் அடிக்கடி நடக்கும் ஒரு வழக்கம் உண்டு. 'பாயின்ட் டூ டூ' எனப்படும் 0.22 அங்குல ரிம்ஃபயர் துப்பாக்கி வைத்திருக்கும் இரு நண்பர்கள், யாருடையது துல்லியமானது என்று வாயால் தீராத வழக்கைக் காகிதத்தில் தீர்த்துக்கொள்ள வருகிறார்கள். 50 கெஜத் தொலைவில் இலக்குத் தாள், மேசைமேல் மணல் மூட்டை, ஆளுக்கு ஐந்து தோட்டா. விழுந்த ஐந்து துளைகளில் மிகத் தள்ளியிருக்கும் இரண்டின் இடைவெளியை அளக்கிறார்கள். யாருடைய இடைவெளி சிறியதோ அவருடைய துப்பாக்கி வென்றது. நம் ஊரில் என்.சி.சி. முகாமுக்குப் போய்வந்தவர்களுக்கு இந்தக் 'குரூப்பிங்' பழக்கப்பட்ட சங்கதிதான். விளையாட்டாக இது அருமையானது. சோதனையாகப் பார்த்தால் நொண்டி. விளையாட்டின் முடிவையே சோதனையின் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதுதான் சிக்கல்.

நிறைகளை முதலில் சொல்லிவிட வேண்டும். இவற்றில் வழக்கமாகச் சுடப்படும் 'லாங் ரைஃபிள்' தோட்டா 1887 முதல் புழக்கத்தில் இருக்கிறது. குண்டின் வழக்கமான எடை 2.6 கிராம். பின்னுதை இல்லையென்றே சொல்லலாம், சத்தமும் குறைவு, பெரிய தோட்டாக்களோடு ஒப்பிட்டால் விலையும் சொற்பம். அதனால் குறி தவறினால் பழியைப் பின்னுதைமேல் போட முடியாது. விசையை வெடுக்கென்று இழுத்ததும் மூச்சை அடக்காததும் தாளில் அப்படியே தெரிந்துவிடும். இன்னொரு நன்மையும் உண்டு. வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு நாட்களில் சுட்டு எழுதப்படும் இரண்டு மதிப்புரைகளை ஒப்பிடுவதைவிட, ஒரே வெளிச்சத்தில் ஒரே காற்றில் அருகருகே சுடுவது நியாயமான ஒப்பீடு. மணிக்கு 10 மைல் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று, மெதுவாகச் செல்லும் இந்தக் குண்டை 50 கெஜத்துக்குள் ஏறக்குறைய ஓர் அங்குலம் தள்ளிவிடும். அந்தத் தொல்லை இருவருக்கும் பொதுவாக இருப்பது சிறிய விஷயமல்ல.

குறை எண்ணிக்கையில் தொடங்குகிறது. இடைவெளியை அளக்கக் காலிப்பரைத் தாளில் வைக்கும் காட்சியைக் கவனித்தால் போதும். ஈயக் குண்டு தாளைச் சீராக வெட்டுவதில்லை, பிய்த்துக்கொண்டு போகிறது. ஓரத்தில் சாம்பல்நிறக் கறை படிகிறது, தாளின் நார் உள்நோக்கிச் சுருங்குவதால் துளை குண்டைவிடச் சிறிதாகத் தெரிகிறது. அந்தப் பிசிறில் அரை மில்லிமீட்டருக்காக வாதம் நடக்கும். ஆனால் அளக்கப்படுவது இரண்டே துளைகள். இடையில் கிடக்கும் மற்ற மூன்றும் தீர்ப்பில் வாய் திறப்பதேயில்லை. சராசரியாக 20 மி.மீ. இடைவெளியில் குரூப் தரும் துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். குண்டுகள் சிதறும் இயல்பைக் கணக்கிட்டால், அதன் ஐந்து தோட்டாக் குரூப்புகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் 15-க்கும் 25-க்கும் இடையில் அடங்கும். மீதி அதற்கும் வெளியே போகும். ஆகவே உண்மையிலேயே ஐந்தில் ஒரு பங்கு நெருக்கமாகச் சுடும் துப்பாக்கிகூட, ஆளுக்கு ஒரே குரூப் என்றால் நான்கில் ஒரு முறையாவது தோற்கும். அங்கே ஜெயிப்பது பெரும்பாலும் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெலாரஸின் செர்கெய் மார்தினோவ் படுத்துச் சுடும் போட்டியின் தகுதிச் சுற்றில் 600-க்கு 600 எடுத்தார். 60 குண்டுகளும் 10.4 மி.மீ. அகலமுள்ள பத்துப் புள்ளி வளையத்தைத் தொட்டன. அதைத் திறமை என்று தயங்காமல் சொல்ல முடிவதற்கு அந்த 60 என்ற எண்ணும் ஒரு காரணம்.

இரண்டாவது குறை தோட்டாவில் இருக்கிறது. ரிம்ஃபயரில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் கலவை தோட்டாவின் அடி விளிம்புக்குள் பரப்பப்பட்டிருக்கும். சுட்ட கூட்டை வீட்டில் மறுபடி நிரப்பித் தன் துப்பாக்கிக்கு ஏற்பச் செதுக்கிக்கொள்ள நடைமுறையில் வழியில்லை, பெட்டியில் வந்ததுதான் கதி. ஒரே நிறுவனத்தின் ஒரே ரகத்திலும் ஒரு தயாரிப்புத் தொகுதி ஒரு குழலுக்கு ஒத்துவரும், அடுத்தது வராது. இதற்காகவே லாபுவா நிறுவனம் ஜெர்மனியின் ஷோனெபெக்கிலும் அரிசோனாவின் மேசாவிலும் சோதனை மையம் வைத்திருக்கிறது. வீரர்கள் தங்கள் துப்பாக்கியைக் கொண்டுவந்து, அசையாமல் பூட்டி, தொகுதி தொகுதியாகச் சுட்டுப் பார்த்து வாங்குகிறார்கள். அப்படியிருக்க, மேசையில் போட்டியிடுவது துப்பாக்கி மட்டுமல்ல. துப்பாக்கி, தோட்டா, ஆள் மூன்றும் சேர்ந்த கூட்டணி. பரிசை மட்டும் துப்பாக்கிக்குக் கொடுக்கிறார்கள்.

இருவரும் ஒரே பெட்டித் தோட்டாவைச் சுட்டால் தீர்ந்தது என்பார்கள். தீராது. அந்தப் பெட்டி யாருடைய குழலுக்குப் பிடிக்கிறதோ அவர் பக்கம் தராசு சாயும். அவரவருக்குப் பிடித்த தோட்டாவை முன்கூட்டியே அறிவித்துவிட்டுச் சுடுவதே நேர்மை. பாதியில் துப்பாக்கியை மாற்றிக்கொண்டால், கையின் பங்கு எவ்வளவு, குழலின் பங்கு எவ்வளவு என்பதும் ஓரளவு பிரிந்து தெரியும். பொழுதுபோக்குக்குச் சுடுகிறவர்களிடம் எதற்கு இத்தனை கணக்கு என்பது அடுத்த கேள்வி. பொழுதுபோக்காகவே நின்றால் கணக்கு வேண்டாம்தான். ஆனால் தோற்றவர் அந்த ஒரு தாளை நம்பித் துப்பாக்கியை விற்கப் போகும்போது விளையாட்டு முடிந்துவிடுகிறது, செலவு தொடங்குகிறது. மருந்தும் கசப்பானதல்ல. ஆளுக்கு ஐந்து குரூப் சுட்டுச் சராசரி எடுத்தால், மேலே சொன்ன நல்ல துப்பாக்கி தோற்பது பத்தில் ஒரு முறையாகக் குறையும். இதற்கு ஆளுக்கு 25 தோட்டா போதும், 50 தோட்டா கொண்ட ஒரு பெட்டியில் பாதி.

இந்த வழக்கத்தின் ஆழமான நோய் மிகச் சிறந்த குரூப்பை மட்டும் மடித்துப் பணப்பையில் வைத்துக்கொண்டு மற்றதைக் கிழித்துப்போடும் பழக்கம். பணப்பையில் இருப்பது துப்பாக்கியின் இயல்பல்ல, அதற்கு வாய்த்த ஒரு நல்ல வேளை. அந்தத் தாளோடு, கிழிபட இருந்த நான்கையும் சேர்த்துப் பலகையில் குத்தி வைத்துவிட்டால், நண்பர்கள் எதைப் பற்றி வாதிடுகிறார்கள் என்பதாவது அவர்களுக்கே தெரியும்.