களவு போன துப்பாக்கியும் உறுத்தும் உள்ளமும்

குற்றவாளி யார் என்பதே துப்பறியும் கதைகளின் வழக்கமான வினா. துப்பறிபவரே தம்மைக் குற்றவாளியாக எண்ணி வருந்தும் கதைகள் அரியவை. ஸ்ரீ கணேஷ் இயக்கி 2017இல் வெளிவந்த ‘8 தோட்டாக்கள்’ அத்தகையது. அதற்கு வித்தாக அமைந்தது ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் ‘ஸ்ட்ரே டாக்’ (1949). இரண்டிலும் இளம் காவல் அதிகாரி ஒருவரின் கைத்துப்பாக்கி களவு போகிறது. அதன் தோட்டாக்கள் பிறர் உயிரைப் பறிக்கின்றன. சுட்டவன் வேறொருவன், தவிப்பவரோ துப்பாக்கியைப் பறிகொடுத்தவர்.

இத்தவிப்பு நியாயமானதுதானா? ஒரு செயலை நேரடியாகச் செய்தவனையும் அதற்குக் காரணமாக அமைந்தவனையும் ஃபிக்ஹுக் கலை வேறுபடுத்துகிறது. பொட்டிப்புரம் போன்ற மலையடிவாரச் சிற்றூர்களில் கைப்பிடிச் சுவரற்ற கிணறுகளைக் கண்டவர்களுக்கு, சட்ட அறிஞர்கள் கூறும் உதாரணம் எளிதில் விளங்கும். பொதுவழியில் உரிமையின்றிக் கிணறு தோண்டியவன், அதில் தவறி விழுந்தவருக்குப் பொறுப்பாகிறான். அதே கிணற்றில் ஒருவரை மற்றொருவன் தள்ளிவிட்டால், பொறுப்பு தள்ளியவனையே சாரும். உதுமானியச் சட்டத் தொகுப்பான ‘மஜல்லா’வின் 90ஆம் விதி இதுவே.

குரோசாவாவின் மூத்த துப்பறிவாளர் சாட்டோவும் ஏறத்தாழ இதே தீர்ப்பை வழங்குகிறார். இந்தத் துப்பாக்கி கிடைக்காவிடில் அவன் வேறொன்றைத் தேடியிருப்பான் என்பது அவர் வாதம். ஆயினும் இளைஞர் முரகாமியின் மனம் ஆறவில்லை. சட்டம் விடுவித்த பின்னும் விடாமல் பற்றி நிற்பதே ‘நஃப்ஸுல் லவ்வாமா’, தன்னைத் தானே பழித்துக்கொள்ளும் உள்ளம். போர் முடிந்து திரும்புகையில் முரகாமியின் உடைமைகள் களவு போயின. அவர் தேடும் யூசாவுக்கும் அதுவே நேர்ந்தது. ஒருவர் காவலரானார், மற்றவன் கொள்ளையனானான். குற்ற உணர்வு இங்கே பிறனைத் தன்னில் காணும் தெளிவாக முதிர்கிறது. ஆனால் யூசாவின் குற்றத்தை அது மன்னிப்பதில்லை.

தமிழ்ப் படமும் வலுவாகவே தொடங்குகிறது. செய்யாத கொலைக்குச் சிறுவயதில் தண்டனை பெற்ற சத்யா, இப்போது பிறர் செய்த கொலைகளுக்காகத் தம்மையே தண்டித்துக்கொள்கிறார். இம்முரணைப் படம் இன்னும் ஆழமாகத் தோண்டியிருக்கலாம். பிற்பகுதியிலோ கதையின் பாரம் முழுவதும் முதியவர் கிருஷ்ணமூர்த்தியின் மனக்குறைகளுக்கு மாறிவிடுகிறது. அப்பாத்திரத்தில் எம். எஸ். பாஸ்கரின் நடிப்பு போற்றத்தக்கது. அவர் தம் வாழ்க்கையைச் சொல்லும் காட்சியில் கண் கலங்காதார் அரிது. ஆனால் அந்தக் கண்ணீரில், வங்கிக் கொள்ளையின்போது மாண்ட குழந்தை மறைந்துபோகிறது. பழி சமூகம் முழுவதற்கும் பகிரப்பட, எவர் தோளிலும் அது கனக்காமல் போகிறது. ஒருவன் கெட்ட காரணத்தை அறிவது நீதிக்குத் துணை. அக்காரணத்தையே விடுதலைப் பத்திரமாக்குவது மாண்டவருக்கு இழைக்கும் அநீதி என்பதே நம் கருத்து.

எனினும், காவலரின் துப்பாக்கி வெடிக்கும்போதெல்லாம் அரங்கம் ஆர்ப்பரிக்கும் திரையுலகில், வெடித்த ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்கு வைத்து வருந்தும் காவலர் ஒருவரை இப்படம் நமக்குக் காட்டியுள்ளது. அதன் பொருட்டே இது பார்க்கவும் விவாதிக்கவும் தக்கது.